முப்பத்தாறு ஆம்புலன்ஸ்

பிப்ரவரி 11
மலைமுகாம், வாகனப் பட்டறை

அன்புள்ள அக்காவுக்கு,

பாராளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் பட்டறை ரேடியோவில்தான் கேட்டேன். அப்போது ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வெல்டர் குனிந்து, "சார், இது உங்க அக்கா பேருதானே? இனிமே உங்ககிட்ட பாத்துத்தான் பேசணும்" என்றான். எழுந்த வேகத்தில் ஆக்சில் நெற்றியில் இடித்தது. வீக்கம் இன்னும் வற்றவில்லை. பெருமையில் வந்த வீக்கம் என்று வைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படைக்கு என்ன வாங்கலாம் என்று தீர்மானிக்கிற இடத்தில் நீ இருக்கிறாய். வாங்கியதைப் பழுது பார்க்கிற இடத்தில் நான் இருக்கிறேன். நடுவில் நூறு அதிகாரிகள். அவர்களைத் தாண்டி உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன். நீயும் என்னிடம் எதையும் தோண்டாதே.

இது தம்பி அக்காவிடம் சொல்வது, அவ்வளவுதான். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. தொடை எலும்பு முறிந்த ஒருவனை எங்கள் ஆம்புலன்ஸில் கீழே அனுப்பினோம். அந்த வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டாலும் எங்கிருந்தோ புகை பின்பக்கம் ஏறிவிடுகிறது. பாதி வழியில் நர்ஸம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. வேறு வழியில்லாமல் பின்கதவைத் திறந்து கயிற்றால் கட்டிவிட்டு, பனிக்காற்றிலேயே ஐந்து மணி நேரம் போயிருக்கிறார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் குளிரில் அவன் கையில் இரண்டு விரல் போய்விட்டது. எலும்பு முறிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. விரலுக்கு? அந்த வண்டியை 'ஓடும் நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மார்ச் 2

டேய் நட்டு,

உன்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டு மின்விசிறியைக் கழற்றிவிட்டு ஒரு நட்டைத் தொலைத்தவனுக்கு வேறு பெயர் கிடையாது.

குழு அறை எப்படி இருக்கும் தெரியுமா? குதிரை லாடம் மாதிரி மேசை. இருபத்தேழு நாற்காலி. ஒவ்வொருவர் முன்னாலும் தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் போல ஒரு புத்தகம். அடுத்த ஆண்டு படை என்னென்ன வாங்க ஆசைப்படுகிறது என்ற பட்டியல் அது. நீதிமன்றத்தில் இருபது வருஷம் சுருக்கெழுத்து எழுதிய பழக்கத்தில் நான் பின்னிணைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் படித்துவிட்டுப் போகிறேன். அதற்குள் எனக்கு 'அடிக்குறிப்பு அம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழுத் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், அவரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

புத்தகத்தில் இருபத்துநான்கு புதிய ஏவுகணை வண்டிகள் இருந்தன, வண்ணப்படத்தோடு. ஆம்புலன்ஸ் என்று ஒரு வரிகூட இல்லை. தளபதி சாட்சி சொல்ல வந்தபோது கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் ஏன் கேட்கல?"

"இருக்கற வண்டிகள் நல்லா ஓடிட்டிருக்கு, மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பின்பக்கம் புகை ஏறி, கதவைக் கயித்தால கட்டித் திறந்து வச்சுக்கிட்டுப் போறதுக்குப் பேரு நல்லா ஓடறதா?" என்று கேட்டுவிட்டேன்.

தளபதி தன் உதவியாளரைப் பார்த்தார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். முதல் கூட்டத்திலேயே உன் அக்கா ஒரு தளபதியை வாயடைக்க வைத்தாள் என்று எழுதி வைத்துக்கொள்.

உன் பெயரைச் சொல்லவில்லை.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

பெயரைச் சொல்லவில்லையாம்.

கதவைக் கயிற்றால் கட்டிய ஆம்புலன்ஸ் படையிலேயே ஒன்றுதான். அதைப் பழுது பார்ப்பவன் ஒருவன்தான். அவனுக்கு அக்கா ஒருத்திதான். கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் வேண்டுமா?

மறுநாளே தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. கர்னல் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "உங்க அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனா நீங்க முதல்ல எங்கிட்டல்ல வந்திருக்கணும்?" என்றார்.

"உங்ககிட்ட நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன் சார்" என்றேன்.

"நாலு தடவையும் நான் மேல அனுப்பியிருக்கேன்" என்றார். அப்புறம், "கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் வராதீங்க. டயர் கிடங்கைப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பதினெட்டு வருஷம் இன்ஜினைக் கழற்றி மாட்டிய கை, இப்போது டயரைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் எதிரே இருப்பவன் பேச்சை மாற்றுகிறான். எதைச் சொன்னாலும் பாராளுமன்றத்துக்குப் போய்விடும் என்று பயம்.

உன்னிடம் மனசு விட்டுப் பேசினேன். நீ அதை மைக் முன்னால் பேசினாய். இனி எழுதாதே.

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இருந்தும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு.

தப்பு என்னுடையது. உன் கடிதம் கையில் இருந்தபோது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: படையிடம் அதிகாரபூர்வமாகக் கணக்குக் கேட்பது. அதை விட்டுவிட்டு, ஒரு தளபதி முகம் வாடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அம்மாவிடம் வேறு வழியில்லாமல் சொன்னேன். "அவனை எதுக்குடி சபையில இழுத்தே? கேக்கறதுக்கு உனக்கு வேற வாயே இல்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன். எல்லா முகாம்களின் ஆம்புலன்ஸ் பழுதுப் பதிவேடுகளும் வேண்டும் என்று குழு சார்பில் கேட்டோம். எட்டுப் பெட்டி வந்தது. நானும் இரண்டு உதவியாளர்களும் பன்னிரண்டு நாள் படித்தோம். புகைப் புகார் உன் முகாமில் மட்டுமில்லை, பதினோரு முகாம்களில் இருக்கிறது. இனிமேல் இது உன் கடிதம் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு பதிவேட்டில் உன்னுடையதை மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் குழாய், எந்த இணைப்பு, எந்த வேகத்தில் புகை வருகிறது என்று ஒரு படம்கூடப் போட்டிருந்தாய். உதவியாளர்களில் ஒருவர் பொறியியல் படித்தவர். "இதை எழுதினவர் யாரு மேடம்?" என்று கேட்டார். உன் பெயர் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தேன்.

பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியதற்காக எந்தச் சிப்பாயையும் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி உன்னை நாளைக்கே பட்டறைக்கு அனுப்ப வைக்க முடியும். நீ கேட்காமல் செய்ய மாட்டேன். ஒரு தடவை கேட்காமல் செய்தது போதும்.

ஏவுகணை வண்டிகளில் ஆறைக் குறைத்து, அந்த இடத்தில் முப்பத்தாறு ஆம்புலன்ஸ் என்று ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். இதில் ஒரு வினை உண்டு. ஏவுகணை வண்டி செய்கிற தொழிற்சாலை எது தெரியுமா? நம் ஊர் தொழிற்சாலை. எனக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

அக்கா

*

மே 21

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. ஆனாலும் இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நேற்று அந்தப் பட்டியல் மசோதாவை வரிவரியாகத் திருத்துகிற நாள். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தோம். காலணி, கப்பல், ரேடார் என்று ஒவ்வொன்றாகப் போய், என் திருத்தம் வந்தபோது மணி நான்கு. அதற்கு முன் என் கட்சிக்காரரே தோளில் கை வைத்து, "சொந்த ஊர் வேலையை வெட்டறதுக்கு ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்து நான் பாத்ததே இல்ல. வாபஸ் வாங்கிக்கங்க. அடுத்த தேர்தல்ல நிக்க வேணாமா?" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையிலிருந்து நாற்பது பேர் வீட்டு வாசலில் நின்றார்கள். அங்கே கிரேன் ஓட்டுகிற அம்மாதான் தொழிற்சங்கச் செயலாளர். "எங்க வயித்துல அடிக்கவா உங்களை அனுப்பினோம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அத்தான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். நான் அவர்களை உட்கார வைத்து, பதினோரு முகாம் பதிவேடுகளின் நகலைக் கையில் கொடுத்தேன். "ஏவுகணை வண்டி செய்யத் தெரிஞ்ச கைக்கு ஆம்புலன்ஸ் செய்யத் தெரியாதா? டெண்டர் வந்தா நீங்களும் போடுங்க. ஆனா உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றேன். கிரேன்காரம்மா நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று என்னைப் பேசச் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. பதிவேடுகளிலிருந்து பதினோரு தேதியும், பதினோரு முகாமில் என்ன நடந்தது என்பதும் மட்டும் படித்தேன். பெயர் எதுவும் இல்லை. ஓட்டு எடுத்தார்கள். பதிமூன்றுக்குப் பதிமூன்று. தலைவர் கடைசியில்தான் ஓட்டுப் போடுவார். பெரியவர் பட்டியல் புத்தகத்தை மூடி வைத்தார்.

"எனக்கு ஏவுகணை வண்டி ரொம்பப் பிடிக்கும்" என்று ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன். "முப்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து, போய்ச் சண்டை போடுங்கன்னு சொல்லிட்டிருக்கேன். அடிபட்டா என்ன ஏற்பாடு சார்னு ஒருத்தன் வந்து கேட்டா, எங்கிட்ட பதில் இல்ல. ஆதரவு."

பதினான்குக்குப் பதிமூன்று, நட்டு. அதைப் புத்தக ஓரத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஆனால் இன்னும் முடியவில்லை. எங்கள் குழு சொல்வது 'வாங்கலாம்' என்பது மட்டும்தான். 'இந்தா பணம்' என்று சொல்வது வேறொரு குழு. அப்புறம் இரண்டு சபை. நான்கு மாதம் இருக்கிறது, மூன்று கதவு தட்ட வேண்டும்.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் கிழிக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் நடந்தது அச்சாகி இங்கே வந்தது. சாப்பாட்டு அறையில் நர்ஸம்மா எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். பதினோரு தேதிகளில் எங்கள் தேதி ஏழாவதாக வந்தது. அதை மட்டும் என்னைப் பார்த்துப் படித்தார். முடித்துவிட்டு என் தட்டில் தன் பங்கு முட்டையை வைத்துவிட்டுப் போனார். யாரும் பேச்சை மாற்றவில்லை.

கர்னல் என்னைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். புது ஆம்புலன்ஸ் வந்தால் அதைச் சோதித்து ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்லும் மூன்று பேரில் என்னையும் போட்டிருக்கிறார். இது உன் வேலையா? உள்ளது உள்ளபடி சொல். உன் வேலையாக இருந்தால் நாளைக் காலையே டயர் கிடங்குக்குத் திரும்பிப் போய்விடுவேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 27

டேய் நட்டு,

என் வேலை இல்லை. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம், ஆனால் அம்மா அடிக்க விடமாட்டாள். சந்தேகமாக இருந்தால் கர்னலையே கேள். உன் பதிவேட்டைப் படித்த யாரும் உன்னைத்தான் போடுவார்கள்.

மசோதா இரண்டு சபையிலும் நிறைவேறிவிட்டது. பணக் குழு இந்த வருஷம் பன்னிரண்டுக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறது. மீதி இருபத்துநான்கும் அடுத்த இரண்டு வருஷத்தில். ஒவ்வொரு வருஷமும் நான் போய் நின்றுதான் ஆக வேண்டும். நிற்பேன்.

டெண்டரை ஜெயித்தது நம் ஊர் தொழிற்சாலை. வாசலில் வந்து சண்டை போட்ட அதே கிரேன்காரம்மா வெல்லக்கட்டியோடு வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் தம்பி சோதனைக் குழுவில் இருக்கிறான் என்று அன்றைக்கே பெரியவருக்கு எழுத்தில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

இனி வண்டி சோதனை முடியும்வரை அதைப் பற்றி நீ எனக்கு எழுதாதே, நான் உனக்கு எழுத மாட்டேன். அம்மாவின் முழங்கால், அத்தானின் குறட்டை, இரண்டு மட்டும் பேசுவோம்.

அக்கா

*

மறு ஆண்டு, நவம்பர் 9

அக்காவுக்கு,

அறிக்கையைக் கர்னலிடம் கொடுத்தாகிவிட்டது. அதனால் இப்போது எழுதலாம். இரண்டு மூன்று நாளில் பத்திரிகையில் பார்ப்பாய். அதற்கு முன் என் கையெழுத்தில் இது உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று தபால் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முதல் வண்டியை நிராகரித்துவிட்டேன்.

நல்ல வண்டி, அக்கா. பொய் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் மலையேற்றினோம். பின்பக்கம் வைத்த கருவியில் புகை பூஜ்யம். படுக்கை ஆடவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டால் எனக்கே தாலாட்டு மாதிரி இருந்தது. ஆனால் காலையில் கடுங்குளிரில் நர்ஸம்மா உள்ளேயிருந்து பின்கதவைத் திறக்கப் பார்த்தார். கையுறை போட்ட கைக்கு அந்தத் தாழ்ப்பாள் பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினால் திறக்கிறது. அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றினால் விரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மற்ற இரண்டு பேரும், "ஏத்துக்கிட்டு அப்புறமா மாத்திக்கலாமே" என்றார்கள். 'அப்புறம்' என்ற சொல்லை நம்பி நான் நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்க முடியாது என்று எழுதினேன்.

தொழிற்சாலைக் குழுவோடு கிரேன்காரம்மாவும் வந்திருந்தார். கத்தித் தீர்த்துவிட்டார். "உங்கக்காவுக்கு எங்க மேல கோபம், உனக்கும் அதே கோபமா? ஒரு தாழ்ப்பாளுக்காக நானூறு குடும்பத்தை நிறுத்தி வைப்பியா?" என் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷம் உள்ளே கடகடவென்று சத்தம். அப்புறம் சத்தம் நின்றது. நாங்கள் வெளியிலிருந்து திறந்தோம். அவர் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். "ஒரு பென்சில் குடு" என்றார். அங்கேயே, அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில், முழங்கையாலும் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு பிடி வரைந்தார்.

உனக்கு இதனால் தலைவலி வரும். தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் தம்பி

*

நவம்பர் 28

என் தம்பிக்கு,

'அக்கா கேட்ட வண்டியைத் தம்பி தள்ளினார்' என்று நான்கு பத்தியில் போட்டார்கள். உன் பழைய படம் ஒன்றையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்துவிட்டார்கள். பாராளுமன்றப் படிக்கட்டில் நிருபர்கள் மறித்தார்கள். "உங்க தம்பியே இப்படிச் செஞ்சுட்டாரே, இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அவன் கையெழுத்துப் போடலைன்னா வண்டி இன்னும் தயாராகலைன்னு அர்த்தம்" என்றேன். "அவன் போட்டுட்டா, அதுல எங்க அம்மாவைப் படுக்க வச்சு எந்த மலைக்கும் அனுப்புவேன்."

அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், தன்னை எதற்குப் படுக்க வைத்தாய் என்று. ஆனால் பத்திரிகையை வெட்டி வைத்திருக்கிறாள். பால்காரர், பக்கத்து வீட்டுத் தையல்காரி, மருந்துக்கடைக்காரர் எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

தொழிற்சாலை வாசலில் கூட்டம் கூடியது. நானும் போனேன். கல் வந்தாலும் வரட்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் கிரேன்காரம்மா மேடையேறிவிட்டார். "தப்பு நம்மளது. நான் உள்ள உக்காந்து பாத்தேன், என்னால வெளிய வர முடியல. அந்த ஆளு அதைச் சொல்லாம விட்டிருந்தா, நாளைக்கு நம்ம பேரைச் சொல்லில்ல திட்டியிருப்பாங்க" என்றார். கொஞ்சம் முணுமுணுப்பு. அப்புறம் கலைந்து போய் வேலையைப் பார்த்தார்கள். பத்தே நாளில் புதுப் பிடி பொருத்திவிட்டார்களாம்.

நேற்று குழுவில் பெரியவர் உன் அறிக்கையை முழுவதும் பதிவில் சேர்க்கச் சொன்னார். படிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுக்கவில்லை. உறவினர் படிக்கக் கூடாது என்று அவரே படித்தார். உன் பெயரைப் படித்தபோது கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அறிக்கை ஒரு பக்கம்தான். ஆனால் நான் இந்த அறையில் கேட்ட எந்தப் பேச்சும் அதற்கு ஈடில்லை.

அக்கா

*

ஜனவரி 20
மலைமுகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

புதுப் பிடி போட்டு வந்த இரண்டாவது வண்டிக்குக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்தபோது நர்ஸம்மா, கர்னல், வெல்டர் எல்லோரும் சுற்றி நின்றார்கள், கல்யாணப் பதிவுக்கு நிற்கிற மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை அதற்கு முதல் வேலை வந்தது. வயர்லெஸ் பிரிவுப் பையனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வெளியே எதிரே நிற்பவன் முகம் தெரியாத பனி. நர்ஸம்மா ஊசி போட்டு அவனைப் படுக்க வைத்தார். நானே ஓட்டினேன். ஆறரை மணி நேரம். கண்ணாடி வழியாக அடிக்கடி பின்னால் பார்த்தேன். நர்ஸம்மா சும்மா உட்கார்ந்து அவன் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாடி பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஆஸ்பத்திரியில் இறக்கினோம். அறுவை சிகிச்சை முடிந்து பையன் நன்றாக இருக்கிறான். நோயாளியை ஒப்படைக்கிற தாளில், 'வந்து சேர்ந்தபோது நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு இருபது வருஷமாக அந்தத் தாள்களைப் பார்க்கிறேன். 'வலி', 'மயக்கம்', 'நடுக்கம்', சில சமயம் அதைவிட மோசம். இந்தத் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாசலில் நின்று இரண்டு முறை படித்தேன். நகல் ஒன்று கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பெரியவரிடம் காட்டு. கிரேன்காரம்மாவிடமும் காட்டு. அடுத்த பன்னிரண்டுக்குப் பணம் கேட்கப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போ. இந்தத் தடவை என் பெயரைச் சொல்லியே கேள்.

அந்தக் கட்டத்தில் ஒரே சொல்தான் எழுதியிருக்கிறார்: 'தூங்குகிறார்.'

உன் தம்பி